குட்டக்கரட்டுப் பாதையில் நாலு வீல் போட்ட கதை

1. தலையாட்டல்

"நாலு வீல் போடத் தெரியுமாப்பா?"

ஜீப் ஓட்டுநராக நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் லூர்து சார் கேட்ட முதல் கேள்வி இது. எனக்குத் தெரியாது. அதற்கு முன்பு ஆறு வருடம் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் பஸ் ஓட்டினேன். பின் சக்கரம் தள்ளினால் பஸ் போகும். அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருந்ததில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

என் தலையாட்டலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கூச்ச சுபாவி. யார் என்ன கேட்டாலும் தலையை ஒரு மாதிரி சாய்த்து ஆட்டிவிடுவேன். அது மேலும் கீழுமா, இடமும் வலமுமா என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது. அவரவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். பத்தாம் வகுப்பு வரை வாத்தியார்களை இப்படியே சமாளித்தேன். என் மனைவி ரோசலி மட்டும் கல்யாணமான ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். "இது ஆமாவா இல்லையா? வாயத் தொறந்து சொல்லுங்க" என்பாள்.

லூர்து சார் 'ஆமா' என்று எடுத்துக்கொண்டு சாவியை நீட்டினார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எங்களுடையது திண்டுக்கல்லில் இருந்த ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். எரியோடு, குஜிலியம்பாறைப் பக்கத்து ஓடைகளில் தடுப்பணை கட்டுவது, மரக்கன்று கொடுப்பது, பெண்கள் குழுக்களைக் கூட்டுவது, இவைதான் வேலை. இருந்த ஒரே வண்டி, படுதா போட்ட பழைய டீசல் ஜீப். அதில் பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் உண்டு. சிவப்புக் குமிழ் வைத்த கம்பியைத் தள்ளினால் முன் சக்கரங்களுக்கும் இழுவை போகும். அதைத்தான் நாலு வீல் போடுவது என்போம். இன்னொன்று லோ கியர். அதைப் போட்டால் வண்டி உறுமும், ஊரும், எதையும் இழுக்கும்.

இதையெல்லாம் அன்று சாயங்காலம் மெக்கானிக் காதர் பாயிடம் போய்க் கற்றுக்கொண்டேன். மவுண்ட்ஸ்புரத்துப் பக்கம் அவருக்கு ஒரு சின்ன ஒர்க்ஷாப் இருந்தது. "காலையில தெரியும்னுட்டு சாயங்காலம் கத்துக்க வந்தியாக்கும்! நல்லா வருவ தம்பி" என்று ஆசீர்வாதம் செய்தார்.

2. பாதை உள்ளபடி

எரியோட்டைத் தாண்டி ஒரு விலக்கில் திரும்பினால் குட்டக்கரட்டுக்குப் போகும் வண்டிப் பாதை. கரடு என்றால் சின்னப் பாறைக் குன்று. அதன் அடியில் எங்கள் பெரிய தடுப்பணை. விலக்கிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட வராது.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உள்ளபடி எழுதுகிறேன். அது மிகச் சுலபமான பாதை. முதலில் இரண்டு பக்கமும் பனைமரம், நடுவில் மணல் தடம். அப்புறம் முதுகு காட்டிப் படுத்த எருமை மாதிரி ஒரு பாறை. அதன் மேல் ஏறி இறங்க வேண்டும். பிறகு வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் ஓர் ஓடை. ஓடையைத் தாண்டி, தடுப்பணையில் தூர்வாரிய வண்டல் மண்ணை நாங்களே கொட்டி மேடாக்கிய தடம். அவ்வளவுதான். பால்காரர் செல்வம் தினமும் டிவிஎஸ் ஃபிப்டியில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு சீட்டியடித்தபடி அதில் போய்வருவார்.

முதல் தடவை லூர்து சாரை ஏற்றிக்கொண்டு போனபோது, கற்ற வித்தையைச் செய்து பார்க்கும் ஆசையில் பாறையடியில் நிறுத்தினேன். இறங்கி முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன். ஏறி உட்கார்ந்து சிவப்புக் குமிழைத் தள்ளினேன், லோ கியர் போட்டேன். ஜீப் உறுமிக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஏறியது. லூர்து சார் முன்னால் இருந்த கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு செபம் சொன்னார். இறங்கியதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அடேயப்பா! ஒன்னத் தவிர வேற எவனாலும் இதுல ஓட்ட முடியாதுப்பா" என்றார்.

மில் பஸ் ஓட்டிய ஆறு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் லேட் என்று மட்டும் கேட்பார்கள். அந்தப் பாராட்டில்தான் நான் கெட்டுப்போனேன்.

அடுத்த தடவை ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொண்டு ஓடை மணலில் அங்கங்கே குத்திப் பார்த்தேன். அதற்கடுத்த தடவை கரட்டு உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறினேன். ஒருநாள் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தேன். எதற்காக முகர்ந்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பின் சீட்டில் இருந்த வெளியூர் விருந்தாளி ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

எட்டு நிமிடப் பாதை என் கையில் நாற்பது நிமிடம் ஆனது. அணை பார்க்க வந்தவர்கள் அணையை மறந்துவிட்டு வந்த வழியைப் பற்றிப் பேசினார்கள். ஒரே தொல்லை பால்காரர் செல்வம்தான். நாங்கள் உயிரைப் பணயம் வைத்து ஏறும் பாறையில் அவர் சீட்டியடித்துக்கொண்டு போனால் மரியாதை என்ன ஆவது? எட்டரைக்கெல்லாம் அவர் போய்வந்துவிடுவார் என்பதால், விருந்தாளிகளை ஒன்பதரைக்கு முன்பு விலக்கில் திருப்பவே மாட்டேன்.

ஒன்று மட்டும் என் பக்கம் சொல்லிக்கொள்கிறேன். வாயைத் திறந்து நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. எல்லாவற்றையும் சிவப்புக் குமிழே சொல்லிக்கொண்டது.

3. சுவரில் தொங்கிய சாமான்

ஒரு வருடம் போனதும் ஜீப்பின் அடியிலிருந்து 'கடக் கடக்' என்று சத்தம் வந்தது. காதர் பாய் கீழே படுத்துப் பார்த்தார்.

"முன் ஷாஃப்ட்ல கிராஸ் போயிருச்சு தம்பி. கழட்டி வச்சிர்றேன். சாமான் வந்ததும் மாட்டிக்கிருவோம்."

முன் ஷாஃப்ட் என்பது முன் சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு. கிராஸ் அதன் மூட்டில் இருக்கும் சிலுவை மாதிரித் துண்டு. அதைக் கழற்றிவிட்டால் நாலு வீல் கிடையாது. சிவப்புக் குமிழ் வெறும் குமிழ்.

"அது இல்லாம ஓட்டலாமா பாய்?"

"பின்னாடி ஷாஃப்ட் நல்லாத்தான இருக்கு? நீ என்ன இமயமலைக்கா போற? எரியோட்டுக்குத்தான?"

கழற்றிய ஷாஃப்டைத் துடைத்துச் சுவரில் இரண்டு ஆணி அடித்துத் தொங்கவிட்டார். வண்டி முன்பைவிட லேசாக ஓடியது. புது கிராஸ் இரண்டு மாதத்தில் வந்து சேர்ந்தது. பாய் அதையும் ஷாஃப்டில் கோர்த்துத் தயாராக வைத்துவிட்டார். மாட்டத்தான் இரண்டு பேருக்கும் நேரம் வாய்க்கவில்லை. நாளடைவில் அது அவருக்குத் துண்டு காயப்போடும் கம்பியாகிவிட்டது.

நான் வழக்கம்போலப் பாறையடியில் நிறுத்தி, இறங்கி, குத்தி, முகர்ந்து, சிவப்புக் குமிழைத் தள்ளிக்கொண்டிருந்தேன். லோ கியர் வேலை செய்ததால் உறுமலுக்குக் குறைவில்லை. லூர்து சார் கம்பியைப் பிடித்துக்கொண்டு செபம் சொன்னார். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

4. மலை

ஒருநாள் லூர்து சார் கையில் கடிதத்தோடு வண்டி நிறுத்தும் செட்டுக்கு வந்தார்.

"சேவியரு, சென்னை ஹெட் ஆபீஸ்ல இருந்து லெட்டர். கொடைக்கானல் மலையில புது வேல ஆரம்பிக்கிறாங்களாம். நம்ம ஜீப்ப அங்க கேக்குறாங்க. இங்க நிசமாவே நாலு வீல் வேணுமான்னு பாக்க ஒரு மேடம் நேர்ல வாராங்க. நம்ம பாதையக் காமிச்சிட்டம்னா போதும், கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருவாங்க. என்ன சொல்ற?"

தலையை ஆட்டினேன். 

அதுவரை யாரிடமும் சொல்லியிராததை இங்கே சொல்கிறேன். எனக்கு மலைப்பாதை ஆகாது. ஒரே ஒரு தடவை கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போயிருக்கிறேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மூடிய கண்ணை மேலே போய்த்தான் திறந்தேன். பயணி கண்ணை மூடிக்கொள்ளலாம். ஓட்டுநர் மூட முடியுமா? அதோடு ரோசலிக்கு மில்லில் அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. மகள் ஒன்பதாம் வகுப்பு. ஜீப் மலைக்குப் போனால் ஜீப்போடு நானும் போக வேண்டும். ஒன்று மலையில் கண்ணை மூட வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டில் ரோசலி கேட்டாள். "ஜீப்பத்தான கேக்குறாங்க? ஒங்களையும் அனுப்புறாங்களான்னு சார்கிட்டக் கேட்டீங்களா?"

தலையை ஆட்டினேன். அன்றைக்கு அவளும் ஏமாந்துவிட்டாள். கேட்டதாக எடுத்துக்கொண்டு, தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனத்தை என் தட்டில் தள்ளிவிட்டுக் கவலையோடு எழுந்து போனாள்.

நான் ஒரே முடிவுக்கு வந்தேன். ஜீப் இங்கிருந்து போகக் கூடாது. குட்டக்கரட்டுப் பாதை நாலு வீல் இல்லாமல் முடியவே முடியாத பாதை என்று அந்த மேடத்தை நம்பவைக்க வேண்டும். காதர் பாயிடம் போய் ஷாஃப்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பாதைதான் சுலபமான பாதையாயிற்றே, நடிக்க எதற்கு ஷாஃப்ட் என்று இருந்துவிட்டேன்.

5. இரண்டு குடம் தண்ணீர்

கரட்டடி ஊரில் பெண்கள் குழுவுக்குத் தலைவி பேச்சியம்மாள். ஐம்பது வயசிருக்கும். ஊரில் யாரும் அவரை எதிர்த்துப் பேசியதை நான் பார்த்ததில்லை. மேடம் வருவதற்கு முந்தின நாள் அவரைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். நான் இவ்வளவு நீளமாகப் பேசியதைக் கேட்டு அவருக்கே ஆச்சரியம்.

"ஜீப்பு போயிருமா? எங்க மருமகளுக்கு வலி எடுத்தன்னைக்கு எரியோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேத்தது இந்த ஜீப்புத்தானப்பா! இனி யாருக்காச்சும் ஆத்திர அவசரம்னா வண்டிக்கு எங்க போவோம்? அத விட்ருவமா? என்ன செய்யணும், சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா. ஓடையத் தாண்டி வண்டல் கொட்டின எடம் இருக்குல்ல, அங்க காலையில ரெண்டு கொடம் தண்ணிய ஊத்தி வச்சீங்கன்னா, லேசா வழுக்கும். நான் நாலு வீல் போட்டு ஏத்திருவேன்."

"ரெண்டு கொடம்! அம்புட்டுத்தான? நீ போ அப்பு. நான் பாத்துக்கிறேன்."

அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்தபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

6. மேடம் வந்த நாள்

விசாலாட்சி மேடம் காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டார். ஒன்பதரைக்குப் போகலாம் என்று லூர்து சார் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "வெயிலுக்கு முன்னாடி பாத்துட்டு வந்துடலாம் சார்" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். லூர்து சார் பின்னால் போனார். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாமல் தவித்தார்.

மேடமும் என்னை மாதிரிதான், அதிகம் பேசவில்லை. ஒரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாறை வந்தது. நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"பாக்கணும் மேடம்."

இறங்கி நடந்தேன். குச்சியால் குத்தினேன். கரட்டை அண்ணாந்து பார்த்தேன். ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தேன். மேடம் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன வாசனை வருது?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"மண்ணு வாசன மேடம்."

"சரி" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஏறி, சிவப்புக் குமிழைத் தள்ளி, லோ கியர் போட்டேன். ஜீப் உறுமத் தொடங்கிய நேரத்தில் பின்னாலிருந்து 'பீம் பீம்' என்று ஹாரன். செல்வம்! இரண்டு பக்கமும் காலி கேன்கள் கடகடக்க, எங்களைச் சுற்றிக்கொண்டு பாறையில் ஏறி, "வணக்கம்ணே, வண்டியில எதுவும் கோளாறா?" என்று கேட்டுவிட்டு, சீட்டியடித்தபடி அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டார்.

மேடம் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் எத்தனை வீல் போட்டுட்டுப் போறார் சார்?" என்று லூர்து சாரைக் கேட்டார்.

"அவன் உள்ளூர்க்காரன் மேடம். பழக்கம்" என்றார் லூர்து சார்.

இனி வண்டல்தான் என் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓடையைத் தாண்டித் திரும்பினேன். அங்கே செல்வத்தின் வண்டி பாதிச் சக்கரம் வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தது. அவர் கேன்களைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி முழங்கால் அளவுச் சேற்றில் நின்றார். அவர் சீட்டியடிக்காமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பேச்சியம்மாள் இரண்டு குடம் காணாது என்று தன் கிணற்று மோட்டார்த் தண்ணீரைத் திருப்பிவிட்டிருக்கிறார். விஷயத்தைக் கொழுந்தனாரிடமும் சொல்லியிருக்கிறார். கொழுந்தனார் தன் பங்குக்கு ஒரு வாய்க்காலை வெட்டிவிட்டார். அவர் சொல்லிப் பக்கத்துத் தோட்டத்துக்காரரும். விடியக்காலையில் த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மூன்று மோட்டாரும் ஒன்றாக ஓடியிருக்கின்றன. தூர்வாரிய வண்டல், தண்ணீர் பட்டால் கேப்பைக் கூழ்தான்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாலு வீல் ஜீப் சேற்றைப் பார்த்து நின்றால் என்ன மரியாதை? இறக்கிவிட்டேன். பத்தடி போனது. பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பேச்சியம்மாள் பத்துப் பெண்களோடு ஓடிவந்தார். நேராக மேடத்திடம் போனார்.

"பாத்தீங்களா தாயி எங்க பாதைய! இந்த ஜீப்பு இல்லேன்னா நாங்க என்ன பண்ணுவோம்?"

மேடம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். "ஜீப் இருந்தும் இப்ப என்னம்மா பண்ணப் போறோம்?" என்றார்.

"தள்ளுவோம்" என்றார் பேச்சியம்மாள்.

தள்ளினார்கள். லூர்து சாரும் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பின் சக்கரங்கள் சுழன்று, வண்டல் முழுவதும் அவருடைய வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது.

"நாலு வீல் போடுப்பா!" என்று கத்தினார்.

"போட்ருக்கேன் சார்!"

"போட்டுமா இப்பிடி?"

மேடம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அருகே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சேவியர், முன் வீல் ரெண்டும் சும்மா நிக்குதே. கவனிச்சீங்களா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"இதுக்கு ஆமான்னு அர்த்தமா, இல்லைன்னு அர்த்தமா?"

ரோசலிக்கு ஒரு வாரம் ஆனது. இவருக்கு இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

ஊர் டிராக்டர் வாடகைக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் போயிருந்தது. செல்வத்தின் வண்டியை நான்கு பெண்கள் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக் கரையேற்றினார்கள். அவரைத்தான் எரியோட்டு டெலிபோன் பூத்துக்கு அனுப்பினேன். "காதர் பாய்க்குப் போன் போட்டு, எல்லாருமாப் புடிச்சு இழுக்க ஒரு சங்கிலி கொண்டாரச் சொல்லுங்கண்ணே. சங்கிலி மட்டும்" என்று இரண்டு தடவை சொன்னேன்.

பாய் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். மேடம் வரப்பில் உட்கார்ந்தார். பேச்சியம்மாள் அவித்த கடலையைக் கொண்டுவந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் ஜீப்பைத் துடைப்பது மாதிரி நின்று காதைக் கொடுத்தேன்.

"மழையே இல்லையே, இவ்வளவு தண்ணி எப்படிம்மா வந்தது?"

"அந்தத் தம்பி மேல ஒரு குத்தமும் இல்ல தாயி. ரெண்டு கொடம்தான் கேட்டுச்சு. எங்க ஆளுகதான் பாசத்துல செத்த தூக்கலா விட்டுட்டாங்க."

மேடம் கடலையை உரித்துக்கொண்டே இருந்தார். லூர்து சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மட்கார்டைத் துடைத்தேன்.

ஓடைப் பக்கம் எம்-எய்ட்டி வண்டிச் சத்தம் கேட்டது. காதர் பாய் வந்துகொண்டிருந்தார். கேரியரில் குறுக்கே, கரும்புக் கழி கட்டியது மாதிரி, என் முன் ஷாஃப்ட். அதில் காயப்போட்ட துண்டைக்கூட அவர் எடுக்கவில்லை.

"ஏன் தம்பி, சங்கிலி எதுக்கு?" என்று அக்கரையிலிருந்தே கூவினார். "ஒன் ஜீப்புச் சாமானே மூணு வருசமா நம்ம செவுத்துல தொங்குதுல்ல! அத மாட்டுனா அதுவா ஏறிட்டுப் போகுது!"

பத்துப் பெண்கள், லூர்து சார், மேடம், பூத்திலிருந்து திரும்பியிருந்த செல்வம் எல்லோரும் கேட்டார்கள். லூர்து சார் ஷாஃப்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிவப்புக் குமிழைப் பார்த்தார். மூன்று வருடச் செபமும் அவர் முகத்தில் ஓடியது.

முன்பக்கம் அவ்வளவாக அமிழவில்லை. பாய் சாக்கை விரித்துப்போட்டு உள்ளே நுழைந்தார். வெளியே அவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. "ஸ்பேனர் குடு... அது இல்ல, பெருசு... தம்பி, இம்புட்டுச் சேறு எங்கருந்து புடிச்ச?" அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டு வெளியே வந்தார்.

ஏறி உட்கார்ந்தேன். சிவப்புக் குமிழைத் தள்ளினேன். க்ளட்சை மெல்ல விட்டேன். ஸ்டியரிங்கில் ஒரு இழுப்பு தெரிந்தது, யாரோ முன்னால் நின்று கையைப் பிடித்துக் கூட்டிப்போவது மாதிரி. ஜீப் நிதானமாக எழுந்து, கூழைப் பிளந்துகொண்டு கரை ஏறியது. உறுமல்கூட அதிகம் இல்லை. பெண்கள் குலவை போட்டார்கள். அந்த நிலைமையிலும் எனக்குச் சந்தோஷம் வந்தது. மூன்று வருடம் நான் நடித்துக் காட்டியது நிஜத்தில் இவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

7. ஃபைல்

தடுப்பணைச் சுவரில் மேடம் என்னைத் தனியாக உட்காரவைத்தார்.

"மூணு வருஷமா ரெண்டு வீல்லதான் ஓட்டியிருக்கீங்க. அப்போ இந்தப் பாதைக்கு நாலு வீல் வேண்டாம். சரிதானே?"

தலையை ஆட்டப் போனேன். அவர் விரலைத் தூக்கினார். "வாயால."

"வேண்டாம் மேடம்."

"அப்புறம் ஏன் இத்தனை நாடகம்?"

ஓடிப்போக வழியில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "மலை ரோடுன்னா எனக்குக் கண்ணக் கட்டும் மேடம். ஜீப்போட என்னையும் மலைக்கு அனுப்பிட்டீங்கன்னா, நான் வேலைய விடணும். வேற வழி இல்ல."

 மேடம் ஃபைலைத் திறந்து கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"படிங்க. வண்டி ஒண்ணுன்னு எழுதியிருக்கு. டிரைவர்னு எங்கயாவது இருக்கா?"

மேலும் கீழும் தேடினேன். இல்லை.

"அங்க மலையிலேயே பொறந்து வளர்ந்த டிரைவர் ஒருத்தர் போன மாசமே சேர்ந்துட்டார். வண்டிக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கார். ஜீப்பத்தான் கேட்டாங்க. உங்கள யார் கேட்டா?"

"யாரும் எங்கிட்டச் சொல்லல மேடம்."

"நீங்க யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

இதே கேள்வியை ரோசலி பத்து நாளைக்கு முன்பு கேட்டிருந்தாள்.

கரையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அட மக்குப் பயலே! இதக் கேக்கச் சங்கட்டப்பட்டா மூணு மோட்டாரு ஓட விட்ட?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி, "அப்ப எங்க ஆத்திர அவசரத்துக்கு என்ன தாயி வழி?" என்றார்.

"வேற வண்டி ஒண்ணு வரும்மா. சாதா வண்டி. இவரே ஓட்டுவார்" என்றார் மேடம். என் பக்கம் பார்த்து, "மண்ண முகராம" என்று சேர்த்துக்கொண்டார்.

8. வேன்

அடுத்த வாரம் மலையிலிருந்து ஒரு பையன் வந்து ஜீப்பை எடுத்துக்கொண்டு போனான். போகும் முன் அவன் செய்த முதல் வேலை, கீழே குனிந்து முன் ஷாஃப்ட் இருக்கிறதா என்று பார்த்தது. யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரு பழைய வேன் வந்தது. அதில் குட்டிக் கம்பி ஒன்றும் கிடையாது. முதல் நாள் லூர்து சாரை ஏற்றிக்கொண்டு குட்டக்கரட்டுக்குப் போனேன். வண்டல் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. பாறையடியில் நிறுத்தவில்லை. செகண்ட் கியரில் ஏறி இறங்கி, ஓடையைத் தாண்டி, எட்டே நிமிடத்தில் அணையில் கொண்டுபோய் நிறுத்தினேன். லூர்து சார் பழக்க தோஷத்தில் வழியெல்லாம் இல்லாத கம்பியைக் காற்றில் பிடித்துக்கொண்டே வந்தார்.

இறங்கித் திரும்பிப் பாதையை நெடுநேரம் பார்த்தார்.

"என்ன சேவியரு, ரோட்டச் சரி பண்ணிட்டாங்களா?"

அவ்வளவும் நேரில் பார்த்த பிறகும் அவருக்கு மனசு கேட்கவில்லை. தலையை ஆட்டினால் ஆமா என்று எடுத்துக்கொண்டிருப்பார். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. தலை பாதி சாய்ந்தும்விட்டது. அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

"இல்ல சார். பழைய பாதைதான். எப்பவும் இப்பிடித்தான் இருந்துச்சு."

 லூர்து சார் மெல்லக் கேட்டார்: "அப்ப நான் சொன்ன செபம்?"

"அது வீண் போகல சார். அதனாலதான் என் வேல தப்பிச்சது."

புதிதாக வண்டி எடுக்க வரும் தம்பிகளுக்கு நான் சொல்வதற்கு இரண்டே விஷயம். காலையில் சாவியைப் போடும் முன் குனிந்து வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பாருங்கள். மேலே இருந்து கெஞ்சினால் கீழே இல்லாத சாமான் வேலை செய்யாது. அடுத்தது, மனதில் ஒரு கேள்வி இருந்தால் அதை அன்றைக்கே, உரியவரிடம், வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். "நானும் போகணுமா சார்?" என்று கேட்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதைக் கேட்கக் கூச்சப்பட்டு, மூன்று கிணற்றுத் தண்ணீரை இறைத்தேன்.

இதை எழுதி முடித்து ரோசலியிடம் படிக்கக் கொடுத்தேன். "எல்லாம் உள்ளபடி எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"எழுதியிருக்கேன்" என்றேன். வாயால்தான்.